ஓதம் ஏறும் சுவர்கள்: புதுச்சேரியின் பழைய வீடுகளுக்குச் சிமெண்ட் செய்யும் கேடு

புதுச்சேரி ரயில் நிலையத்தில் இறங்கி சுப்பையா சாலையைக் கடந்து ஊருக்குள் நுழைகிறவர்களில் பலருக்கு, ஒரு காலத்தில் ஊர் மதில் நின்ற எல்லையைத் தாண்டித்தான் நுழைகிறோம் என்பது தெரிவதில்லை. தெற்கே சுப்பையா சாலை, மேற்கே அண்ணா சாலை, வடக்கே சர்தார் வல்லபாய் படேல் சாலை என்ற மூன்று புல்வார் சாலைகளும் கிழக்கே கடலோடு சேர்ந்து ஊரை முட்டை வடிவில் வளைத்திருப்பதற்கு, அவை பழைய மதிலின் தடத்தில் போடப்பட்டதே காரணம். 1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயர் வசமானதும், இன்றைய பாரதி பூங்கா இருக்கும் இடத்தில் நின்ற லூயி கோட்டையும் ஊரின் பெரும்பகுதியும் தரைமட்டமாக்கப்பட்டன. 1765-இல் பிரெஞ்சுக்காரர்களிடம் ஊர் திரும்பி வந்தபோது, பழைய தெருக்களின் கோட்டிலேயே வீடுகள் மறுபடி எழும்பின. ஆகவே மதிலை இழந்த இந்த ஊருக்கு எஞ்சியிருக்கும் சொத்து வீட்டுச் சுவர்கள்தாம். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட பொறியாளன் என்ற முறையில், அந்தச் சுவர்கள் நம் நல்லெண்ணத்தாலேயே கெட்டுப்போவதைப் பார்த்து வருகிறேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, மஞ்சள் சுவர்களும் காகிதப் பூக்களும் உள்ள தெருக்களில் படம் எடுத்துக்கொண்டு, மணக்குள விநாயகரை வணங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வாய்க்காலுக்கு மேற்கே நடந்தால், கால்வே சுப்பராயச் செட்டி தெரு என்று பெயர் மாறிய வைசியாள் தெருவில் திண்ணையும், மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரமும் வீட்டுக்கு வீடு தொடர்ந்து வருவதைப் பார்க்கலாம். 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு அந்தத் தெருவின் முகப்புகள் சீரமைக்கப்பட்டன. அந்தப் பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருதும் கிடைத்தது. பிரெஞ்சு ஆட்சியில் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையில் கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ் வீடாகவும், மேல்தளம் காரைத் தூண்களோடு பிரெஞ்சு வீடாகவும் இருப்பது இந்த ஊரின் இயல்பை ஒரே பார்வையில் சொல்லிவிடும். காஜியார் தெரு, முல்லா வீதிப் பக்கம் போனால் முஸ்லிம் குடும்பங்களின் வீடுகள் வேறொரு கலவையைக் காட்டும்.

இந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது சுண்ணாம்பு. செங்கல்லை இணைக்கும் சாந்து, மேற்பூச்சு, வெள்ளை, மாடியின் தளம் என எங்கும் அதுதான். இக்காலக் கட்டடங்களில் அடித்தளத்துக்கு மேல் ஓதம், அதாவது நிலத்தின் ஈரம், ஏறாமல் தடுக்க ஒரு தடுப்பு அடுக்கு வைக்கிறோம்; பழைய வீடுகளில் அது கிடையாது. கடலோர மண்ணில் நிலத்தடி நீர் உயரத்திலேயே இருப்பதால், ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சுக்கும் நுண்துளைகள் உண்டு என்பதால், ஏறிய ஈரம் அதன் வழியே காற்றில் கலந்துவிடும். இருநூறு ஆண்டுகளாக அந்தச் சுவர்கள் நின்றதற்கு இந்தப் போக்குவரத்துதான் அடிப்படை.

சென்ற ஆண்டு வாய்க்காலுக்கு மேற்கே ஒரு வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். “தம்பி, சுவர் பொரியுதுன்னு மூணடி உயரத்துக்கு சிமெண்ட் பூசினோம். இப்ப அதுக்கு மேல பொரியுது” என்று காட்டினார். சிமெண்ட் பூச்சை விரல் கணுவால் தட்டினேன். உள்ளே வெற்றிடம் இருக்கும் ஓசை கேட்டது. கொத்தனார் உளியை நுழைத்து நெம்பியதும் ஒரு முழப் பலகைபோல் அது மொத்தமாகக் கையோடு வந்தது. பின்னால் இருந்த செங்கல் ஈரச் செம்மண்ணாகி விரலில் ஒட்டியது. அதன்மேல் உப்பு பஞ்சுபோல் பூத்திருந்தது. வெளியேற வழியில்லாத ஈரம் பூச்சு முடியும் உயரம்வரை ஏறி, அதற்கு மேல் தப்பிக்கப் பார்த்திருக்கிறது. போகிற வழியில் விட்டுச்சென்ற உப்பு படிகமாகி விரிந்து செங்கல்லை உடைத்திருக்கிறது. இன்னும் சில மழைக்காலம் கடந்திருந்தால், ஈரம் சுவருக்குள் செருகியிருக்கும் உத்திரத்தின் முனையைத் தொட்டிருக்கும்; தேக்கு மரமும் முனையில்தான் முதலில் மக்கும்.

மாடித் தளமும் இப்படியே கெடுகிறது. உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைக் கட்டைக்குத்தாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்புச் சல்லி இட்டு, தட்டையான ஓடுகள் பதித்த தளம் அது. ஒழுகுகிறது என்றால், பெயர்ந்த ஓடுகளை எடுத்துவிட்டு இடுக்குகளைச் சாந்தால் அடைத்தாலே பெரும்பாலும் போதும். ஆனால் மேலே கான்கிரீட் ஊற்றிவிடுகிறார்கள். பாரம் கூடுகிறது, உள்ளே சிக்கிய நீரும் வெளியேறுவதில்லை. பழைய வீடுகள் விடுதிகளாக மாறியது பல வீடுகளை இடிபடாமல் காப்பாற்றியிருக்கிறது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். அதே நேரத்தில், மாடியில் அறைக்கொரு குளியலறை கட்டி, குழாய்க் கசிவைச் சுண்ணாம்புச் சுவருக்குள் விடுவது அந்த வீட்டுக்கு மெல்லக் கொடுக்கும் நஞ்சு. பராமரிப்பின்றிக் கிடந்த நகரசபைக் கட்டடமான மேரி 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்ததை இந்த ஊர் கண்ணால் பார்த்தது. இப்போது அதே தோற்றத்தில் அங்கே நிற்பது புதிய கட்டடம்.

பழைய வீடு வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, சுவரைத் தொடுவதற்கு முன் நீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள் என்பதுதான். அடைபட்ட தூம்பு, உடைந்த குழாய், திண்ணையைவிட உயர்ந்துவிட்ட தெரு ஆகியவற்றைச் சரிசெய்தாலே பாதி ஓதம் அடங்கும். ஏற்கெனவே சிமெண்ட் பூசியிருந்தால் அதைப் பெயர்த்தெடுத்து, சுவரை மாதக்கணக்கில் ஆறவிட வேண்டும். வெளிச்சுவரில் பிளாஸ்டிக் தன்மையுள்ள பெயிண்டைத் தவிர்த்து, நிறம் கலந்த சுண்ணாம்பையே அடிக்கலாம். ஊர் விரும்பும் அந்த மஞ்சளும் அதில் வரும்.

சுண்ணாம்பு வேலைக்குச் செலவும் நாளும் கூடுதல் என்பதை நான் மறைப்பதில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரைச் சேர்த்து அரைக்க வேண்டும். கடும் வெயில் பட்டால் பூச்சு வெடித்துவிடும் என்பதால் ஈரச் சாக்கு கட்டிக் காக்க வேண்டும். அந்த அம்மாவின் வீட்டில் சித்திரையில் சிமெண்டைப் பெயர்த்தோம். ஐப்பசி மழை வந்தபோது வெறும் செங்கல்லாகவே நின்ற சுவரில், சாரல் படாதபடி தார்ப்பாய் கட்டியிருந்தோம். கார்த்திகையில் குழி வெட்டிச் சுண்ணாம்பை ஊறப்போட்டோம். தை பிறந்து பனியும் இளவெயிலும் கலந்த நாட்களில்தான் முதல் பூச்சு ஏறியது.