அலமீடா கவுண்டி ஷெரிஃப் அலுவலகம்: நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

கலிஃபோர்னியாவின் அலமீடா கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) வழக்கறிஞராகப் பணிபுரியும் எனக்கு நம்மவர்களிடமிருந்து வரும் பதற்றமான அழைப்புகளில் பலவும், எதற்கு எந்த அலுவலகத்தை நாடுவது என்று தெரியாததால் வருபவை. தமிழ்நாட்டில் நீதிமன்ற ஆணையை நிறைவேற்ற அமீனா வருவார்; சிறைக்குத் தனித் துறை உண்டு; பிரேதப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் நடக்கும். இங்கே இந்த மூன்றும், ரோந்துப் பணியும் சேர்ந்து, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஷெரிஃப் ஒருவரின் பொறுப்பில் இருக்கின்றன. ஐந்து உறுப்பினர் கொண்ட கவுண்டி மேற்பார்வையாளர் குழு அவருடைய அலுவலகத்துக்கு நிதி ஒதுக்கலாமே தவிர, ஒரு வழக்கை இப்படி விசாரிக்க வேண்டும் என்று அவருக்கு ஆணையிட முடியாது. 2022இல் யெசீனியா சான்செஸ் இப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த தேர்தல் 2028இல் வருகிறது. குடியுரிமை பெற்ற நம்மவர்கள் வாக்குச்சீட்டில் இந்தப் பதவியை நிரப்பாமல் விட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

ரோந்தைப் பொறுத்தவரை, நீங்கள் குடியிருக்கும் ஊரே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஃப்ரீமான்ட் நகருக்குச் சொந்தக் காவல்துறை உண்டு. 1982இல் நகராட்சியான டப்ளின், ஷெரிஃப் அலுவலகத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு அதன் டெபுடிகளையே, அதாவது ஷெரிஃபின் கீழ்ப் பணிபுரியும் அதிகாரிகளையே, தன் காவலர்களாகப் பெறுகிறது. நகராட்சி இல்லாத காஸ்ட்ரோ வேலி, சான் லொரென்சோ போன்ற பகுதிகளுக்கு டெபுடிகள் நேரடியாகவே வருவார்கள்.

கைது என்று வரும்போதுதான் குழப்பம் அதிகம். ஃப்ரீமான்ட் காவலர்கள் பிடித்தாலும், ஒருவரைச் சிறையில் வைக்க நேர்ந்தால் அவர் பெரும்பாலும் டப்ளினில் ஷெரிஃப் நடத்தும் சாண்டா ரீட்டா சிறைக்கே கொண்டு செல்லப்படுகிறார். குடும்பத்தாரோ ஃப்ரீமான்ட் நிலைய வாசலில் காத்திருக்கிறார்கள். சிறையின் இணையத் தேடலிலும் பெயர் கிடைக்காமல் போவதுண்டு. நம் பாஸ்போர்ட்டுகளில் தந்தை பெயர் குடும்பப் பெயரின் இடத்தில் நிற்கும். ஒற்றைப் பெயர் கொண்டவர்களுக்கு விசாவில் முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகியிருக்கும். ஆகவே பெயரை முன்பின்னாக மாற்றியும் தேடிப் பாருங்கள். கைதானவருக்கு, இயலாத சூழல் தவிர, மூன்று மணி நேரத்துக்குள் மூன்று தொலைபேசி அழைப்புகளுக்கு உரிமை உண்டு. காவலில் இருப்பவரை ஞாயிறும் விடுமுறை நாட்களும் நீங்கலாக 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். வழக்கறிஞருடன் பேசுவது தவிர, சிறையிலிருந்து பேசும் பேச்சு பதிவாகும் என்றே கொள்ளுங்கள். தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்று நம்பி வழக்கைப் பற்றி வாய் திறக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவது அரசுத் தரப்புக்குக் கடினமான காரியமன்று.

நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றும் ஷெரிஃபின் சிவில் பிரிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாடகைதாரரை வெளியேற்ற நீதிமன்றம் ஆணையிட்டாலும், வீட்டு உரிமையாளர் தாமே பூட்டை மாற்ற முடியாது. ஷெரிஃப் அலுவலகம் அறிவிப்பு கொடுத்து, ஐந்து நாள் அவகாசம் முடிந்த பிறகே டெபுடி நேரில் வந்து வீட்டை ஒப்படைப்பார்.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது, ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கியிருக்கும் பெற்றோரைப் பற்றியது. இறப்பதற்கு முந்தைய 20 நாட்களில் மருத்துவர் எவரும் கவனிக்காத ஒருவர் இறந்தால், கலிஃபோர்னியச் சட்டப்படி அதைக் கரோனருக்கு, அதாவது இறப்புக்கான காரணத்தை விசாரிக்கும் அதிகாரிக்கு, தெரிவித்தே ஆக வேண்டும். அலமீடாவில் ஷெரிஃபே கரோனரும் ஆவார். இங்கே மருத்துவரே இல்லாத அப்பாவோ அம்மாவோ தூக்கத்தில் மாரடைப்பால் போனால், சீருடை அணிந்தவர்கள் வீட்டுக்குள் வந்து கேள்வி கேட்பார்கள். உடலை எடுத்துச் செல்லவும் கூடும். இது குடும்பத்தின் மீதான சந்தேகம் அன்று, இறப்புக்கான காரணத்தை உறுதிசெய்யும் கடமை. அவர்கள் வருவதற்குள் உடலைக் குளிப்பாட்டவோ இடம் மாற்றவோ வேண்டாம். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயச் சிகிச்சை ஆகியவற்றுக்கான ஊர் மருத்துவரின் சீட்டுகளும், மாத்திரை அட்டைகளும், அந்த மருத்துவரின் தொலைபேசி எண்ணும் ஒரே உறையில் இருந்தால், இறப்புக்கான காரணத்தை முடிவுசெய்வது கரோனருக்கு எளிதாகும். உடலை அறுத்துப் பார்க்கும் தேவையே இல்லாமல் போகவும் வாய்ப்புண்டு. பெற்றோர் விமானம் ஏறும் முன்பே அந்த உறையைக் கேட்டு வாங்கி வையுங்கள்.