"ஈசிஎம் போச்சு" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

போன மாதம் சங்ககிரிப் பக்கமிருந்து ஒரு லாரியைக் கட்டி இழுத்து வந்தார்கள். செல்ஃப் நன்றாக அடிக்கிறது, வண்டி மட்டும் எடுக்கவில்லை. வழியில் ஒரு பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, ஈசிஎம் (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) போய்விட்டது, புதுசுதான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். லட்ச ரூபாய்க்கு எங்கே போவது என்ற முகத்தோடு ஓனர் நின்றார். டிரைவர் தம்பிதான் மெல்லச் சொன்னார்: "அண்ணே, சாவி போட்டா செக் என்ஜின் லைட்டே எரியல."

எனக்கு அது போதும். சாவியைத் திருப்பியதும், என்ஜின் ஓடுவதற்கு முன்னாலேயே அந்த விளக்கு எரிய வேண்டும். பல வண்டிகளில் அது எரியவில்லை என்றால் ஈசிஎம் விழிக்கவே இல்லை என்று பொருள். விழிக்காததற்கு அது செத்திருக்க வேண்டும் என்பதில்லை. சோறு போகாமலும் இருக்கலாம். பேட்டரி கரண்ட், சாவி வழியாக வரும் கரண்ட், எர்த், இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பெட்டி பேசாது. பேசாத பெட்டியோடு ஸ்கேனர் எப்படிப் பேசும்? ஸ்கேனரில் யு0100 என்ற ஃபால்ட் கோடு (பழுது எண்) வந்ததும் பலர் ஈசிஎம் மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கோடு சொல்வதெல்லாம், வண்டியிலுள்ள இன்னொரு பெட்டிக்கு ஈசிஎம்மிடமிருந்து பதில் வரவில்லை என்பது மட்டுந்தான்.

அந்த லாரியில் சேசிஸில் எர்த் கேபிள் முடுக்கிய போல்ட்டுக்கு அடியில் துரு. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகடிவிலும் மறுமுனையை ஈசிஎம் கப்ளரின் (ஒயர்கள் செருகும் பிளக்) எர்த் பின்னிலும் வைத்து செல்ஃப் அடித்தால் 3 வோல்ட் காட்டியது. நல்ல எர்த்தில் இது 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. போல்ட்டைக் கழற்றி, எமரி தாள் போட்டுத் தேய்த்து, கேபிள் நுனிக்குப் புது லக் வைத்து முடுக்கினோம். முதல் அடியிலேயே ஸ்டார்ட்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். செல்ஃப் அடிக்காமல் சும்மா வைத்துப் பார்த்திருந்தால் அதே மீட்டர் எல்லாம் சரி என்றுதான் காட்டியிருக்கும். மீட்டர் கரண்டே இழுக்காது. ஒயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அதில் முழு வோல்ட் தெரியும். அதனால் ஈசிஎம்முக்கு வரும் ஒயரை, கப்ளரைக் கழற்றிவிட்டு, ஒரு 21 வாட் பல்பு போட்டுப் பாருங்கள், லாரிக்கு 24 வோல்ட் பல்பு. பளிச்சென்று எரிந்தால் ஒயர் சரி. மங்கினால் குற்றவாளி வழியில் எங்கோ இருக்கிறான்.

அடுத்து 5 வோல்ட். ஈசிஎம் பல சென்சார்களுக்கு ஒரே லைனில் 5 வோல்ட் அனுப்பும். ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலோ, ஒயர் பிராக்கெட்டில் உரசித் தோல் உரிந்தாலோ, அந்த லைனே சுருண்டுவிடும். அப்போது ஐந்தாறு கோடுகள் ஒன்றாக வரும், ஆக்சிலரேட்டர் பெடலும் மக்கர் பண்ணும். பார்ப்பவருக்கு மூளையே குழம்பிவிட்டதாகத்தான் தோன்றும். சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் ஆள். பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் கேன் லைனுக்கு, பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் செருகும் ஓபிடி கப்ளரின் 6, 14 பின்களுக்கு நடுவே ஓம்ஸ் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 60 காட்டும். 120 காட்டினால் லைன் எங்கோ அறுந்திருக்கலாம். எலி கடித்த இடமாகவும் இருக்கும், நம் ஊர் எலிக்கு அந்த ஒயர் என்றால் தனிப் பிரியம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பெட்டி பேசவில்லை என்றால், சரி, பெட்டியே போயிருக்கலாம். ஆனால் அது ஏன் போனது என்று கேட்காமல் புதுசை மாட்டாதீர்கள். ஒரு காருக்கு என்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு ஈசிஎம் மாற்றியிருந்தார்கள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார் அந்த அண்ணன். இக்னிஷன் காயில் ஒன்று உள்ளே ஷார்ட். பெட்டிக்குள் அதை ஓட்டும் டிரான்சிஸ்டரை அது ஒவ்வொரு முறையும் எரித்திருக்கிறது. காயிலை மாற்றினோம். மூன்றாவது பெட்டி இன்றும் ஓடுகிறது. அதற்கு முந்தைய இரண்டின் காசு யார் கணக்கு?

லாரிகளில் நான் அதிகம் பார்ப்பது வெல்டிங். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் பாடி கட்டுகிற ஊர், வண்டி மேல் ஏதாவது ஒரு நேரத்தில் வெல்டிங் வைத்தே தீருவார்கள். பழைய வண்டிக்கு அது பழகிப்போன வேலை. 2017 ஏப்ரலில் பிஎஸ்4, 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்று புகை விதிகள் நாடு முழுக்க வந்த பிறகு நிலைமை வேறு, வண்டிக்குள் ஈசிஎம் இருக்கிறது. வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் கழற்றுங்கள், ஈசிஎம் கப்ளர்களையும் கழற்றுங்கள், வெல்டிங் எர்த்தை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கடிக்க வையுங்கள். பத்து நிமிட வேலை, இதற்குச் சோம்பல்பட்டுப் பெட்டியைத் தொலைத்தவர்கள் நிறைய.

தண்ணீர் இன்னொரு எமன். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் சென்னை வெள்ளங்களில் நின்ற கார்களில் பலர் செய்த தப்பு, ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருப்பியது. ஈரத்தோடு கரண்ட் சேர்ந்தால் போர்டு வேகமாக அரிக்கும். முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம். அன்று தப்பித்த பெட்டியிலும் சில மாதம் கழித்துப் பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். பிரஷர் தண்ணீரில் என்ஜின் கழுவுபவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வழி மூன்று: பழுதுபார்ப்பது, பழையது வாங்குவது, புதுசு. டிரைவர் டிரான்சிஸ்டர், கெப்பாசிட்டர் போன்றவை போயிருந்தால் நல்ல கையில் பழுதுபார்க்கலாம், நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். பழைய பெட்டியை சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடத்தில் வாங்கினால், மேலே ஒட்டிய பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனாலும் அப்படியே மாட்டினால் பெரும்பாலும் ஓடாது. சாவிக்குள் இருக்கும் சிப்பை ஈசிஎம்முக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) விடாது. சில கார்கள் ஸ்டார்ட் ஆகி இரண்டு விநாடியில் அணையும். உங்கள் பழைய பெட்டியின் மெமரியைப் படித்து இதில் ஏற்றினால் அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, முந்தைய ஓனர் புகையைச் சுத்தம் செய்யும் ஆட்புளூவை ஆஃப் செய்து மேப் (உள்ளிருக்கும் செட்டிங்) மாற்றிய பெட்டியாகவும் அது இருக்கலாம். அது சட்டப்படி தப்பு, அந்தத் தப்பு உங்கள் வண்டியில் வந்து உட்காரும்.

புதுசு பெரும்பாலும் வெறும் பெட்டியாகத்தான் வரும். உங்கள் வண்டியின் சேசிஸ் நம்பர், சாஃப்ட்வேர், சாவி எல்லாம் ஏற்ற வேண்டும். பல காமன் ரெயில் டீசலில், டீசல் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் எழுத்தும் எண்ணுமாக ஒரு கோடு பொறித்திருக்கும், அதை எந்த சிலிண்டருக்கு எது என்று சரியாகப் போட வேண்டும். மாற்றிப் போட்டால் ஐடிலில் உதறும், புகை தள்ளும். பிஎஸ்6 டீசலில் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) எவ்வளவு அடைந்திருக்கிறது என்ற கணக்கையும் பழையதிலிருந்து கொண்டுவர வேண்டும். புதுப் பெட்டி ஃபில்டரும் புதுசு என்றே நினைத்துக்கொள்ளும். அதனால் விலை கேட்கும்போது புரோகிராமிங் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள்.

கழற்றிய பழைய பெட்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் சாவி விவரமும் வண்டியின் டேட்டாவும் அதில்தான் இருக்கின்றன. நாளைக்கு இதற்கும் ஒன்று ஆனால், படித்து ஏற்ற அந்தப் பெட்டிதான் வேண்டும்.