பத்து மணிக்கே பழசாகிவிடும் ஷெட்யூல்

பல வகை ஜாப்கள் (மெஷினில் வெட்டி எடுக்க வரும் பாகங்கள்) கலந்து ஓடும் சி.என்.சி. ஆலைகளில், அதாவது கணினி கட்டுப்படுத்தும் மெஷின்கள் உள்ள ஆலைகளில், உற்பத்தித் திட்டமிடுவது என் வேலை. காலை எட்டு மணிக்கு எக்செல் தாளில் ஷெட்யூல் போட்டுக் கொடுப்பேன். ஒன்பதரைக்கு ஒரு மெஷினின் சுழலும் அச்சான ஸ்பிண்டிலில் சத்தம் வரும். பத்து மணிக்கு அவசர ஆர்டர் வரும். அதற்கப்புறம் அந்தத் தாளை யாரும் பார்ப்பதில்லை. யார் குரல் ஓங்குகிறதோ, அவருடைய ஜாப் முதலில் மெஷினில் ஏறும்.

எந்த மெஷினில் எந்த ஜாப் எப்போது ஏறும் என்று போடும் கணக்கே அத்தனை கடினமானது. பத்து ஜாப், பத்து மெஷின் என்றாலே, மெஷின்வாரியாக ஜாப்களை வரிசைப்படுத்தும் வழிகளைப் பெருக்கினால் 66 இலக்க எண் வருகிறது. 1963-இல் வெளியான அப்படி ஒரு சோதனைக் கணக்குக்கு மிகச் சிறந்த விடை எது என்று நிரூபிக்க 1989 வரை ஆனது. இத்தனைக்கும் அந்தக் கணக்கில் எந்த மெஷினும் பழுதாவதில்லை!

அதனால்தான் மென்பொருள் ஏஜென்ட் முறையைக் கவனிக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு ஜாபுக்கும் ஒரு சிறு மென்பொருள், ஒவ்வொரு மெஷினுக்கும் ஒன்று. "அடுத்து எனக்குத் துளை போட வேண்டும், யார் எடுக்கிறீர்கள்?" என்று ஜாபின் ஏஜென்ட் கேட்கும். மெஷின்களின் ஏஜென்ட்கள் தங்களிடம் காத்திருக்கும் வேலையையும் செட்டிங் நேரத்தையும் (அடுத்த ஜாபுக்கு மெஷினைத் தயார்செய்ய ஆகும் நேரம்) பார்த்து, டெண்டர் போடுவதுபோலப் பதில் சொல்லும். குறைந்த நேரம் கேட்டவருக்கு வேலை. கணினி ஆய்வாளர் ரீட் ஸ்மித் 1980-இல் வகுத்துக் காட்டிய பேச்சுமுறை இது.

இது ஆய்வகத்தோடு நிற்கவில்லை. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், மெர்சிடிஸ் நிறுவனத்தின் உன்டர்டர்க்ஹைம் ஆலையில் எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட் தயாரிப்பில் இதை ஓட்டிப் பார்த்தார்கள். மெஷின் ஒன்று நின்றால், அதன் ஏஜென்ட் வேலை கேட்பதை நிறுத்திவிடும். ஜாப்கள் தாமாகவே வேறு மெஷினுக்குத் திரும்பும். யாரும் திட்டத்தைத் திருத்தி எழுத வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஃபோர்ட் வேன் நகரில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் டிரக் ஆலையில் பெயின்ட் அடிக்கும் அறைகளான பூத்களே வண்டிகளுக்குப் போட்டியிட்டன. அதே நிறம் ஏற்கெனவே ஓடும் பூத்துக்கு முன்னுரிமை கிடைத்ததால், நிறம் மாற்றும்போது வீணாகும் பெயின்ட் குறைந்தது.

குறையும் உண்டு. ஏஜென்ட்கள் பெரும்பாலும் அடுத்த ஒரு வேலையை மட்டுமே பார்க்கும். டெஸ்பாட்ச் தேதியைத் தனியாகக் கண்காணிக்காவிட்டால், ஏதோ ஒரு ஜாப் மூலையிலேயே கிடக்கும்.

இதைவிடப் பெரிய பிரச்சினையை நான் நேரில் பார்த்தேன். ஓர் ஆலையில் சோதனை முறையில் இப்படி ஓட்டியபோது, ஒரே மெஷின் தொடர்ந்து வேலையை வாங்கிக்கொண்டே இருந்தது; அதன் முன்னால் ஜாப்கள் குவிந்தன. தேடிப் பார்த்தால், அதன் செட்டிங் நேரம் 20 நிமிடம் என்று பதிவாகியிருந்தது. உண்மையில் 50 நிமிடத்துக்குக் குறையாது. என்றோ, யாரோ தோராயமாகப் போட்ட எண். அந்த மெஷினின் ஆபரேட்டருக்கு இது நன்றாகத் தெரியும். நாங்கள் அவரிடம் கேட்கவே இல்லை. தவறான எண்ணை வைத்துப் பேரம் பேசும் ஏஜென்ட், தவறை வேகமாகப் பரப்புகிறது.

ஆகவே மென்பொருளுக்குப் பணம் கட்டும் முன், ஒரு மாதம் செட்டிங் நேரத்தை ஆபரேட்டர்களையே எழுதச் சொல்லுங்கள். எந்த ஜாபுக்குப் பிறகு எந்த ஜாப் ஏறியது என்பதும் அதில் இருக்கட்டும். ஜாபைப் பிடித்து வைக்கும் ஃபிக்ஸரை மாற்ற வேண்டுமா, புரோகிராம் மட்டும் போதுமா என்பதைப் பொறுத்து, அதே மெஷினில் அந்த நேரம் பல மடங்கு மாறும்.