சாதிப் பெயரைச் சொல்லி ஏசுவது எப்போது குற்றமாகிறது?

பட்டியல் சாதியினருக்கான இடஒதுக்கீட்டுக்குள் அருந்ததியருக்கு உள்ஒதுக்கீடு தரும் 2009ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டத்தில் சக்கிலியன், மாதாரி, பகடை ஆகிய பழைய பெயர்கள் இருக்கின்றன; ஈரோட்டிலோ திருப்பூரிலோ தாலுகா அலுவலகத்தில் கொடுக்கும் சாதிச் சான்றிதழிலும் அவை வரும். அப்படிப் பதிவதில் குற்றமில்லை. ஆனால் அதே பெயரைப் பேக்கரி வாசலிலோ தறிக்குடோனிலோ மற்றவர் காதில் விழும்படி சொல்லி ஒருவரை ஏசினால், அது பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும்.

“ஊரில் காலங்காலமாகச் சொல்வதுதானே, அரசாங்கமே எழுதி வைத்திருக்கிற பெயர்தானே” என்ற வாதம் நம் பக்கத்தில் அடிக்கடி எழும். உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஆறுமுகம் சேர்வை வழக்கில், பள்ளன், பறையன் என்ற சொற்கள் சாதியைக் குறிப்பவையாக இருந்தாலும் ஒருவரை இழிவுபடுத்தவும் பயன்படுகின்றன என்றும், அந்த நோக்கத்தோடு சொன்னால் குற்றம் என்றும் 2011இல் அது தீர்ப்பளித்தது. சொல்லின் பழமை அதைச் சொன்னவரைக் காப்பாற்றாது என்பதே இதன் பொருள். அது மிகச் சரியான நிலைப்பாடு என்றே கருதுகிறேன், ஏனெனில் அந்தப் பழக்கத்தின் வலியைத் தாங்கியவர்கள் அதைச் சொன்னவர்கள் அல்லர்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, வேண்டுமென்றே அவமானப்படுத்துவது பிரிவு 3(1)(ஆர்)-இலும், சாதிப் பெயரால் ஏசுவது 3(1)(எஸ்)-இலும் வருகின்றன. ஏசியவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராக இருக்க வேண்டும். பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும். தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும். வெளியார் எவரும் இல்லாத நான்கு சுவருக்குள் நடந்தது இப்பிரிவுகளில் வராது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியதால், சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, இடத்தையும் நேரத்தையும் குறித்து, உறவினரோ நண்பரோ அல்லாத, அங்கே நின்றிருந்த ஒருவரின் பெயரையாவது புகாரில் சேர்ப்பது மிக அவசியம்.

முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும். காவல் நிலையத்தில் வாங்க மறுத்தால், புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். 14566 என்ற தேசிய உதவி எண்ணையும் அழைக்கலாம். கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழிக்கும் அலுவலர்மீது நடவடிக்கை எடுக்க இதே சட்டத்தின் 4ஆம் பிரிவு இடம் தருகிறது.