ஹோர்லிக்ஸ் போத்தலில் நாவல் பொடி

ஆடி பிறந்தால் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் இரவு பஸ்களில் நாவல் பழமும் ஏறிவிடும். விடியற்காலையில் கொழும்பு வெள்ளவத்தையில் இறங்குகிற பலர் கையில் ஒரு சொப்பிங் பை இருக்கும், அதன் அடியில் ஊதாச் சாறு கசிந்திருக்கும். பழத்தால் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, உப்புத் தூவி நானும் சாப்பிடுகிறவன்தான். கொட்டையில்தான் கதை தொடங்குகிறது. கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து, மிக்சியில் அரைத்து, பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில் அடைத்து, ஐப்பசி கார்த்திகை வரைக்கும் சலரோகம் என்கிற நீரிழிவுக்காகத் தினமும் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி.

நான் இந்தப் பக்கம் பதினான்கு வருடமாக மருந்தாளராக வேலை செய்கிறேன். சலரோகத்துக்குக் குளிசை வாங்க வருகிறவர்களிடம் "வேற என்ன மருந்து எடுக்கிறீங்கள்?" என்று கேட்டால் "ஒண்டுமில்லை" என்பார்கள். நாவல் பொடி, பாகற்காய்ச் சாறு, கொத்தல ஹிம்புட்டு என்கிற மூலிகைத் தேநீர் என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் "அது மருந்தில்லையே தம்பி" என்று சிரிப்பார்கள். சீனியைக் குறைக்க என்று குடிக்கிறார்கள், ஆனால் மருந்தில்லையாம்!

போன வருடம் கந்தசஷ்டியின் மூன்றாம் நாள், எங்கள் பாமசியில் பல காலமாக மருந்தெடுக்கும் ஒரு அம்மா மத்தியானம் வந்து கதிரையில் இருந்தார். மின்விசிறிக்குக் கீழேயே நெற்றி வேர்த்து ஊற்றியது. நீட்டிய காசு கையில் ஆடியது. மகளின் போன் நம்பரைக் கேட்டேன், பாதியில் நின்றுவிட்டார். விரலில் குத்தி இரத்தச் சீனி பார்த்தால் 52. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்தேன், 84. "விரதம் முறிஞ்சு போச்சே" என்றுதான் முதலில் சொன்னார். அப்புறம் பையைத் துழாவி ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தார், பக்கத்து வீட்டு அன்ரிக்குக் கொடுக்கக் கொண்டுபோன நாவல் பொடி.

பொடிதான் காரணம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். காலையில் வழக்கம்போல கிளிபென்கிளமைட் என்ற சலரோகக் குளிசையைப் போட்டிருக்கிறார், சாப்பாடு இல்லை, அதற்கு மேல் பொடி. கிளிபென்கிளமைட் நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயது போனவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் அது உடம்பில் நீண்ட நேரம் தங்கும், சீனி ஏறிய பிறகும் திரும்ப இறங்கலாம். அதனால்தான் 84 வந்தும் அவரை வீட்டுக்கு விடாமல் மகளை வரச்சொல்லி வைத்தியரிடம் அனுப்பினேன்.

சரி, நாவல் விதையில் உண்மையில் ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட 1921-க்கு முன்பு ஐரோப்பாவில்கூட நாவல் விதையைச் சலரோகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். விதையில் எலாஜிக் அமிலமும் துவர்ப்புப் பொருட்களும், தோலில் நாக்கை ஊதாவாக்கும் அந்தோசயனின்களும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் இவற்றின் ஆக்சிசன் எதிர்ப்புத் தன்மையை, அன்ரிஒக்சிடன்ட் என்கிறார்களே அதைப் பார்க்க டிபிபிஎச் என்றொரு கரைசல் வைத்திருப்பார்கள், அதுவும் நாவல் பழ நிறம்தான். சாற்றைச் சேர்த்ததும் ஊதா வெளிறி மஞ்சளாகும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நடப்பது குழாய்க்குள்ளே. வயிற்றுக்குள் போய், குடல் உறிஞ்சி, ஈரல் உடைத்து, மிச்சம் எவ்வளவு இரத்தத்துக்கு வருகிறது என்பதை அந்த மஞ்சள் சொல்லாது. மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளை விதைச் சாறு தடுப்பதும் முதலில் குழாயில் கண்டதுதான். பிறகு எலிகள். ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டு அவற்றின் கணையத்தைக் கெடுத்து, செறிவாக்கிய விதைச் சாற்றைக் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கொடுப்பார்கள், சீனி குறையும். வாட்சப்பில் சுற்றும் "ஆராய்ச்சியில் நிரூபணம்" பெரும்பாலும் இந்த எலிதான். எலிக்குக் கொடுத்ததும் உங்கள் மிக்சிப் பொடியும் ஒன்றல்ல, எலியின் அளவை மனிதனின் எடையால் பெருக்கிக் கரண்டிக் கணக்குப் போடவும் முடியாது.

மனிதரிலும் பார்த்திருக்கிறார்கள். பிரேசிலில் நாவல் இலைத் தேநீரை கிளிபென்கிளமைடோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2006-ல் வெளியானது, குளிசை எடுத்தவர்களுக்குச் சீனி குறைந்தது, தேநீர் குடித்தவர்களுக்குக் குறையவில்லை. அது இலை, இது விதை என்று நீங்கள் வாதாடலாம், நியாயம்தான்.

இதற்காக மூலிகை எல்லாமே சும்மா என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டு கொத்தல ஹிம்புட்டுத் தேநீரை மூன்று மாதம் குடித்த நோயாளிகளுக்கு எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவு, குறைந்ததாக 2005-ல் இலங்கை ஆய்வே வந்தது. அதிலுள்ள சலசினோல் என்ற பொருள், அகார்போஸ் என்ற சலரோகக் குளிசை தடுக்கிற, மாவுச்சத்தை உடைக்கும் அதே வகை நொதியைத்தான் தடுக்கிறது. குளிசை செய்கிற வேலையைச் செய்தால் அதுவும் மருந்துதானே, அப்போ அதை வைத்தியரிடம் சொல்ல என்ன வெட்கம்?

எனக்கு இன்னும் பயமான ஆட்கள் குளிசையை நிறுத்துகிறவர்கள். ஒருவர் மெட்போமின் என்ற சலரோகக் குளிசையை விட்டுவிட்டு இரண்டு மாதம் பொடி மட்டும் எடுத்தார். உடம்பு லேசாக இருக்கிறது என்றார், வெறும் வயிற்றில் 280. சீனி ஏறுவது எப்போதும் உடம்புக்குத் தெரியாது. இன்னொன்று, கடையில் வாங்கிய பெயர் தெரியாத பொடி ஒரே வாரத்தில் அதிசயம் காட்டினால் நான் சந்தோசப்பட மாட்டேன், சந்தேகப்படுவேன். மூலிகை என்று விற்றவற்றில் கிளிபென்கிளமைடையே கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.

பழத்தைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் பழமாகவே கணக்கு வையுங்கள். 100 கிராமில் ஏறக்குறைய 15 கிராம் மாச்சத்து இருக்கிறது, ஒரு பை முழுக்க உட்கார்ந்து முடித்தால் சீனி ஏறத்தான் செய்யும். பொடி எடுத்தே தீருவேன் என்றால் குளிசையை விடாதீர்கள், கிளினிக் கொப்பியில் எழுதிவிடுங்கள், விரதத்துக்கு முன்பு குளிசை அளவை வைத்தியரிடம் கேளுங்கள்.

அந்த அம்மா இந்த வருடமும் வந்தார். கொப்பியை விரித்துக் காட்டினார், கிளிபென்கிளமைட் வெட்டப்பட்டு வேறு குளிசை எழுதியிருந்தது. அதற்குக் கீழே அவருடைய சொந்தக் கையெழுத்தில் "நாவல் பொடி, காலமை 1 தேக்கரண்டி". கையில் ஒரு சொப்பிங் பையும் இருந்தது. "இது உங்களுக்கு தம்பி, கொட்டையைத் துப்பிப் போட்டிடாதேங்கோ, எனக்கு வேணும்."