தண்ணீரில் மிதக்க வேண்டிய கேக் மாவு

கிறிஸ்துமஸ் கேக் மாவு பதமாக வந்துவிட்டதா என்று பார்க்க எங்கள் ஆயா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொல்வார். குண்டானில் வெண்ணெயும் சர்க்கரையும் அடித்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு சொட்டை விரல் நுனியில் எடுத்துத் தண்ணீரில் விடுவார். மிதந்தால் முட்டை உடைக்கலாம். மூழ்கினால் "இன்னும் கொஞ்சம் அடி கண்ணு" என்பார், அவ்வளவுதான், கை ஓய்ந்துபோய் உட்கார்ந்திருக்கிற நாங்கள் மறுபடி மரக் கரண்டியைப் பிடிக்க வேண்டும்.

உளுந்து வடை மாவுக்குப் பார்ப்பார்களே, அதே சோதனைதான். வடைப் பழக்கம் கேக்குக்கும் தொற்றிக்கொண்டது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வெண்ணெய் எப்படியும் மிதக்கும், மோர் கடைந்தால் மேலேதானே திரள்கிறது, இதில் என்ன சோதனை?

அப்புறம் ஒரு நாள் கணக்குப் போட்டேன். வெண்ணெய் ஒரு மில்லிக்குச் சுமார் 0.91 கிராம், சரி, தண்ணீரைவிட லேசு. ஆனால் சர்க்கரை 1.59 கிராம். எங்கள் வீட்டு அளவு அரைக் கிலோ வெண்ணெய், அரைக் கிலோ சர்க்கரை, அரைக் கிலோ மைதா, பத்து முட்டை. வெண்ணெயும் சர்க்கரையும் சம எடையில் கலந்தால், காற்றே இல்லாத கலவை ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 1.16 கிராம் வரும். மூழ்கத்தான் செய்யும். மிதக்க வேண்டுமென்றால் கலவையின் மொத்தக் கொள்ளளவில் ஏழில் ஒரு பங்காவது காற்றாக இருக்க வேண்டும். ஆயா டம்ளரில் அளந்தது காற்றை!

அந்தக் காற்று உள்ளே போகிற வழி வேடிக்கையானது. சர்க்கரைத் துகளுக்கு முனைகள் உண்டு. கரண்டியால் அடிக்கும்போது அவை வெண்ணெயைக் கீறிக்கொண்டே போகின்றன, போகிற போக்கில் காற்றையும் கூடவே இழுத்து உள்ளே விடுகின்றன. வெண்ணெயில் கொழுப்பு சின்னச் சின்னப் படிகங்களாகவும் இருப்பதால் குமிழி தப்பிக்க முடியாமல் மாட்டிக்கொள்கிறது. மஞ்சளாக இருந்த வெண்ணெய் அடிக்க அடிக்க வெளுப்பதும் இதனால்தான், லட்சக்கணக்கான குமிழிகள் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. சர்க்கரையை மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டால் போதும், மாவாகவே அரைத்துவிட்டால் முனை மழுங்கிக் காற்று குறைவாகத்தான் பிடிக்கும். ஒரே பக்கமாகத்தான் சுற்ற வேண்டும் என்று பெரியம்மா சொல்வது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. எந்தப் பக்கம் சுற்றினாலும் குமிழிக்குத் தெரியவா போகிறது.

வெண்ணெய் எவ்வளவு இளகியிருக்கிறது என்பதுதான் முக்கியம். கல்லாக இருந்தால் கரண்டி நுழையாது, உருகிவிட்டால் குமிழி நிற்காது. 18 முதல் 21 டிகிரி வாக்கில் அடித்தால் நன்றாக வரும். வேலூரை வெயிலூர் என்று கிண்டலடிக்கிற ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மே மாதம் இங்கே 40 டிகிரியைத் தாண்டும், வெண்ணெயோ 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும், அப்போது தோட்டப்பாளையத்து வீட்டில் கேக் அடிக்கிறேன் என்று உட்கார்ந்தால் நெய்யில்தான் கரண்டி விட வேண்டும். மார்கழி ராத்திரியில் இதே ஊர் 20 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. கிறிஸ்துமஸ் மட்டும் சித்திரையில் வந்திருந்தால் எங்கள் வீட்டில் கேக்கே இருந்திருக்காது, கல்கலாவோடும் அச்சு முறுக்கோடும் நிறுத்தியிருப்போம்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது இந்த விஷயத்தில் ஒரு திருட்டு வேலை செய்தேன். வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிற கேரல் ரவுண்டுக்குக் கிளம்புகிற அவசரம், வெண்ணெய் இன்னும் இறுக்கமாக இருந்தது, யாரும் பார்க்காத நேரத்தில் குண்டானைத் தூக்கி வெந்நீர் அடுப்பு ஓரமாக வைத்துவிட்டேன். ஐந்தே நிமிடத்தில் எல்லாம் இளகி வழுவழுவென்று கலந்துவிட்டது. ஆயா சொட்டு விட்டார். அது நேரே டம்ளரின் அடிக்குப் போய் உட்கார்ந்தது. அவர் தண்ணீரைப் பார்த்தார், குண்டானின் அடியைத் தொட்டுப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இன்னாடா பண்ண?"

பேக்கரியில் எங்கள் முறை வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. அம்மா சமாளிப்பதாக நினைத்து ஆப்ப சோடாவை ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டார். அந்த வருஷக் கேக் நடுவில் பள்ளமாக, ஓரத்தில் கருத்து, சோப்பு வாசனையோடு வந்தது. சோடாவாக இருந்தாலும் பேக்கிங் பவுடராக இருந்தாலும் அவற்றால் புதிதாகக் குமிழி உண்டாக்க முடியாது, அதில் கிளம்புகிற கார்பன் டை ஆக்சைடு ஏற்கெனவே இருக்கிற குமிழிக்குள் புகுந்து அதைத்தான் ஊதும். நான் குமிழியே வைக்கவில்லை. இருந்த நாலைந்தும் பெரிதாக ஊதி, ஒன்றோடொன்று சேர்ந்து, மேலே ஏறி உடைந்துவிட்டன. மிச்சமிருந்த சோடா சோப்புச் சுவையாக நின்றது, கருப்பும் அதன் உபயம்தான்.

அப்போது வீட்டில் ஓவன் கிடையாது. மாவை டிரேயில் ஊற்றி, ஓரத்தில் எங்கள் அடையாளமாக ஒரு துணித் துண்டைக் கட்டி, தெருமுனைப் பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம். செங்கல் அடுப்பு. உள்ளேயே விறகு எரித்துத் தணலை வாரி வெளியே தள்ளிவிடுவார்கள், அப்புறம் வேகவைப்பது செங்கல் சேர்த்துவைத்திருக்கிற சூடு. முதல் சூட்டில் பன்னும் பிரெட்டும் போகும், அது தணிந்த பிறகுதான் கேக். பேக்கரி அண்ணன் ஒரு சிட்டிகை மைதாவை அடுப்புத் தரையில் வீசி, அது எவ்வளவு சீக்கிரம் பழுக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எங்கள் டிரேயை நீளக் கட்டைத் துடுப்பில் ஏற்றுவார்.

உள்ளே நடப்பது ஒரு ஓட்டப் பந்தயம். குமிழி பெரிதாகிக்கொண்டே போக வேண்டும், சரியான நேரத்தில் சுற்றியிருக்கிற சுவர் இறுக வேண்டும். 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் காற்று கால் பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் விரியும், பாக்கி வேலை நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் பார்க்கின்றன. முட்டைப் புரதமும் மைதாவின் மாவுச்சத்தும் சாதாரணமாக 60, 65 டிகிரியிலேயே இறுக ஆரம்பித்துவிடும். ஆனால் இவ்வளவு சர்க்கரை இருக்கும்போது அது 80 டிகிரிக்கு மேல் தள்ளிப் போகிறது, கேக் உயர அவகாசம் கிடைக்கிறது. இனிப்பைக் குறைக்கிறேன் என்று சர்க்கரையைப் பாதியாக்குகிறவர்கள் கேக் உயரவில்லை என்று அடுப்பைத் திட்டுவதில் நியாயமில்லை. சுவர் இறுகுவதற்கு முன்பு யாராவது ஆசையாகக் கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே குளிர்ந்து, நீராவி தண்ணீராகி, நடு அமுங்கிவிடும்.

பழம் நிறைந்த கேக் கனமானது, சூடு நடுவுக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும், அதற்குள் ஓரம் கருகிவிடக் கூடாது. சூடு மெல்ல இறங்கிக்கொண்டே போகிற செங்கல் அடுப்பு இதற்கு வாகாக அமைந்தது. ஆயா போதாக்குறைக்கு டிரேக்குள் நாலு மடிப்புச் செய்தித்தாள் வைத்து, மேலே நெய் தடவிய பழுப்புத் தாள் போடுவார். தாளும் தாளுக்கு இடையில் இருக்கிற காற்றும் சூட்டைச் சீக்கிரம் விடாது.

ராத்திரி ஒரு மணிக்கு டிரே வீட்டுக்கு வரும். வெட்டக் கூடாது, 25ஆம் தேதி காலை ஆராதனை முடிந்து வந்த பிறகுதான் கத்தி. திராட்சையிலும் டூட்டி ஃப்ரூட்டியிலும் இருக்கிற ஈரம் மெல்ல மாவுக்குள் பரவ இரண்டு நாளாவது வேண்டும் என்பது இப்போது புரிகிறது. அப்போது எங்களுக்குக் கிடைத்தது உரித்த பழுப்புத் தாள்தான். அதில் பொருக்காக ஒட்டியிருந்ததை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துப் பல்லால் சுரண்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்போம்.