நெஞ்சு நோவுக்கு வியாழக்கிழமை நம்பரா?

டொக்டருக்கு நம்பர் எடுத்திட்டு அவசர வருத்தக்காரரை வீட்டில வச்சிருக்கிறதைப்பற்றி எழுதி என்ன வரப்போகுது எண்டு இவ்வளவு நாளும் பேசாம இருந்தன். போன மாசம் வந்த ஒரு கேஸோட பொறுமை போயிட்டு.

கிண்ணியாப் பக்கத்துப் பெரியவர் ஒராள், மகன்ட மோட்டச்சைக்கிள்ள பின்னால குந்திக்கொண்டு என்ட டிஸ்பென்சரிக்கு வந்தவர். முகமெல்லாம் வேர்வை, சாரத்தின்ட நுனியால துடைச்சுக்கொண்டே இருக்கிறார். நோ தொடங்கினது ஞாயிறு இரவு, என்னட்ட வந்தது செவ்வாய் பின்னேரம். மகன் சொல்றார், "டொக்டர், வாப்பாக்கு ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட்டுக்கு நம்பர் எடுத்திட்டம், அவர் வியாழக்கிழமைதான் வாறாராம், அது மட்டும் தாக்குப் பிடிக்க கேஸ்டிக்குக்கு ஏதும் தாங்க." ஈசிஜி எடுத்துப் பார்த்தா ஹார்ட் அட்டாக் வந்து நாள் ரெண்டாகுது. இரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்துக்கு 12 மணித்தியாலம்தான் கணக்கு, அதுவும் முதல் ஒண்டு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள குடுத்தாத்தான் மெத்தப் பிரயோசனம். ஆள் தப்பிட்டார். ஆனா இப்ப பள்ளிக்கு நடந்து போகவே மூச்சு வாங்குதாம்.

2009ல கிண்ணியாப் பாலம் திறக்க முதல் திருகோணமலை டவுனுக்கு வாறதெண்டா படகுப்பாதைக்குக் காத்து நிக்கோணும். அந்தக் காலத்தில சுணங்கி வந்தவைய ஒண்டும் சொல்ல ஏலாது. இப்ப பாலம் இருக்கு, றோட்டு இருக்கு, வாசல்ல ஓட்டோ நிக்குது, ஆனாலும் கையில ஒரு நம்பர வச்சுக்கொண்டு மூண்டு நாள் வீட்ட இருக்கினம் எண்டா நான் என்ன செய்ய?

எனக்கு விசர் வாறது இந்த இடத்திலதான். நம்பர் எடுத்த உடன வைத்தியம் தொடங்கிட்டு எண்டு ஒரு நினைப்பு. "சனல் பண்ணியாச்சு" (பிரைவேட்டா ஸ்பெஷலிஸ்ட்டுக்கு நம்பர் பதிஞ்சாச்சு) எண்டு சொல்லேக்க வீட்டில எல்லாருக்கும் ஒரு நிம்மதி, அதுக்குப் பிறகு ஆளுக்கு வேர்த்தாலும் சத்தி எடுத்தாலும் "நாளண்டைக்குத்தானே காட்டப்போறம்" எண்டு இஞ்சிப் பிளேன்டி போட்டுக் குடுக்கிறது. ஐயா, நம்பர் எண்டது கோணேசர் கோயில்ல அர்ச்சனைத் துண்டு மாதிரி, ஆர் முதல் எடுத்ததோ அவர் முதல். யாருக்கு வருத்தம் கடுமை எண்டு அதில எழுதியில்ல. போனில நம்பர் குடுத்த பிள்ளை டொக்டர் இல்ல, "நெஞ்சு நோ" எண்டு நீங்க சொன்னாலும் அந்தப் பிள்ளை கொம்பியூட்டரப் பார்த்து "வியாழன் 23, ஆறரைக்கு வாங்கோ" எண்டுதான் சொல்லும். (சனல் சென்டர் நடத்துறவைக்கும் சேர்த்துத்தான் சொல்றன், கவுண்டர்ல இருக்கிற பிள்ளையளுக்கு நாலு கேள்வி கேக்கப் பழக்கிறது பெரிய செலவில்ல. நெஞ்சு நோ, மூச்செடுக்க ஏலாது எண்டு ஆரும் சொன்னா நம்பர் குடுக்காம ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேணும்.)

இன்னொண்டு. வியாழக்கிழமை அந்த ஸ்பெஷலிஸ்ட்டிட்டயே போயிருந்தாலும் அவர் என்ன செய்வார்? அந்த அறையில ஒரு மேசை, ஒரு கட்டில், பிரஷர் பார்க்கிற மெஷின். ஆளைப் பார்த்த உடன பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார். ஞாயிறு இரவே காசில்லாமப் போயிருக்கக்கூடிய அதே இடம்.

அரசாங்க ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நம்பர் வேணாம், கடிதம் வேணாம், தெரிஞ்ச ஆள் வேணாம். இரவு ரெண்டு மணிக்கும் திறந்துதான் இருக்கு. திருகோணமலை டவுன்தான் எண்டில்ல, கிண்ணியா, மூதூர், கந்தளாய்லயும் ஆதார வைத்தியசாலை இருக்கு, உங்களுக்கு எது கிட்டவோ அங்க முதல் ஓடுங்கோ, அங்க இருந்து அனுப்பிறது அவையள்ட வேலை. வாகனம் இல்லாட்டி 1990. சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், 2016ல மேல், தென் மாகாணங்கள்ல தொடங்கினது இப்ப நாடு முழுக்க ஓடுது. ஓட்டோவில சாய்ஞ்சுகொண்டு வாறத விட அது எவ்வளவோ மேல், உள்ளுக்கயே ஒக்சிஜன் இருக்கு, பழக்கின ஆள் இருக்கு.

நெஞ்சு நோ மட்டுமில்ல. வாய் ஒரு பக்கம் கோணினா, கை திடீரெண்டு விழுந்தா, பேச்சுக் குழறினா அது பக்கவாதமா இருக்கலாம், நேர ஆஸ்பத்திரி, அதுக்குக் கட்டி கரைக்கிற மருந்துக்கும் ஒரு நாலரை மணித்தியாலக் கணக்கு இருக்கு. பாம்பு கடிச்சா என்னட்ட வரவேண்டாம், என்னட்ட விஷமுறிவு மருந்து இல்ல. சீனி வருத்தக்காரருக்கு ஹார்ட் அட்டாக் நோவே இல்லாமலும் வரும், சும்மா வேர்த்து மூச்சு வாங்கும், அவ்வளவுதான். அத "களைப்பு" எண்டு படுக்கப் போடாதேங்கோ.

காய்ச்சல் வேற கதை. 2017 மார்ச்ல டெங்குவில கிண்ணியா பட்ட பாடு மறக்கேலாது, ஆனா இப்பவும் மழை முடிஞ்சு நுளம்பு வாற காலத்தில "டொக்டர் நாளைக்குத்தான் நம்பர்" எண்டு பிள்ளைய வீட்டில வச்சிருக்கிற தாய்மார் இருக்கினம். மூண்டாம் நாள் இரத்தம் சோதிக்க வேணும். காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்கு ஆளைக் கவிழ்க்கும், "காய்ச்சல் விட்டிட்டு, நம்பர வெட்டுங்கோ" எண்டு கோல் எடுக்காதேங்கோ. பிள்ளை சோர்ந்து படுத்தா, வயித்து நோ, சத்தி எண்டா, சிறுநீர் குறைஞ்சா நம்பரைக் கிழிச்சுப் போட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. பரசிட்டமோல் தவிர வேற நோக்குளிசை குடுக்கவே வேண்டாம், கெஞ்சிக் கேக்கிறன்.

சரி, அவசரமில்லாத வருத்தத்துக்கு எப்பிடி வாறது? முதல் ஆஸ்பத்திரி ஓபிடிக்கோ (வெளிநோயாளர் பிரிவு) பக்கத்தில இருக்கிற குடும்ப வைத்தியரிட்டயோ போங்கோ. தலையிடிச்ச உடன நரம்பு ஸ்பெஷலிஸ்ட்ட சனல் பண்ணுறவை இருக்கினம், கடைசியில பார்த்தா கண்ணாடி மாத்த வேண்டிய கேஸ். ஒரு கடிதத்தோட போனீங்களெண்டா ஸ்பெஷலிஸ்ட்டுக்கும் லேசு. வெளியூர்ல இருந்து சனி ஞாயிறு வாற டொக்டர்மார் ஒரு பின்னேரத்தில எத்தனை பேரைப் பார்க்கினம் எண்டு உங்களுக்கே தெரியும், உங்களுக்குக் கிடைக்கிறது கொஞ்ச நிமிசம், அதில பாதி சொப்பிங் பேக்குக்குள்ள ரிப்போர்ட் தேடுறதில போகுது. பேக்கைக் கவிழ்த்தா லைட் பில், கலியாணக் காட், மூண்டு வருசத்துக்கு முந்தின எக்ஸ்ரே எல்லாம் விழும், போன மாசத்து இரத்த ரிப்போர்ட் மட்டும் வீட்டில. "என்ன குளிசை போடுறீங்க?" எண்டா "சின்ன வெள்ளைக் குளிசை" எண்டுறது. எல்லாக் குளிசையும் சின்னதுதான், வெள்ளைதான் அம்மா. குளிசைக் கார்ட்டோட கொண்டு வாங்கோ.

ஈசனலிங், டொக்990 எண்ட நம்பர் எடுக்கிற அப்பில பதிஞ்சா வாற நேரம் ஒரு உத்தேசம், அந்த நிமிசம் கூப்பிடேல்ல எண்டு கவுண்டர் பிள்ளையோட சண்டை பிடிக்காதேங்கோ. ஒரு நம்பருக்கு ஒராள். "இவனையும் ஒருக்கா பாருங்கோ டொக்டர்" எண்டு பின்னால நிக்கிற மூண்டு பேரைத் தள்ளி விடுறது வெளியில வெயிலுக்க நிக்கிறவைக்குச் செய்யிற அநியாயம். வர ஏலாட்டி ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்கோ.

அரசாங்க கிளினிக் போறவைக்கு, கொப்பியில எழுதின திகதிய விட்டிட்டா "ஏசுவினம்" எண்டு பயந்து அடுத்த மாசம் மட்டும் மருந்தில்லாம இருக்காதேங்கோ, அடுத்த கிளினிக் நாளே போங்கோ. ஏசினா ஏச்சு வாங்கலாம், பிரஷர் ஏறி விழுந்தா அது வேற. சீனி பார்க்க வெறும் வயித்தோட விடியவே போய் இருக்கிறவை இன்சுலின வீட்டில போட்டிட்டு வர வேண்டாம், இரத்தம் குடுத்திட்டு, கொண்டு வந்த சாப்பாட்டுக்கு முதல்தான் போடுறது. வரிசையில மயங்கி விழுறவை கனபேர் இந்தக் கேஸ்தான். மிஸ்ஸிமாரிட்ட (தாதிமார்) கேட்டா முதல்ல இரத்தம் எடுத்து விடுவினம், கேக்க வெக்கப்படாதேங்கோ.

கடைசியா ஒண்டு. இரவு பதினொரு மணிக்கு "டொக்டர் நெஞ்சுக்க ஒரு மாதிரி இருக்கு" எண்டு எனக்கு வட்ஸ்அப்பில வொய்ஸ் அனுப்பாதேங்கோ. நான் படுத்திருப்பன், விடிஞ்சுதான் கேப்பன். 1990க்கு அடியுங்கோ.